நாலு மாசத் தீவு

ஆனைகட்டிக் கண்மாயைத் தோண்டியது நான்தான்.
சித்திரை முழுக்க.
ஜேசிபிக் கண்ணாடியில் புழுதி அப்ப
ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து.

கரம்பையை வெளியே ஏற்றிப்போக
டீசல் கட்டாது என்றார் காண்ட்ராக்டர்.
"நடுவுலயே குமிச்சு விடுப்பா."
ஓவர்சியர் எபினேசர்
மதிப்பீட்டுத் தாளில் எழுதினார்:
மண்திட்டு – ஒன்று.
அதற்குப் பிறப்புச் சான்று அவ்வளவுதான்.

பிட்டுக்கு மண் சுமந்தவன் ஊரில்
மணி வாடகைக்கு மண் சுமந்தேன்.
முதுகில் பிரம்படி விழவில்லை,
கணக்கில் பாதிப் பணம் விழுந்தது.
மீதி இன்றுவரை வரவில்லை.

ஹெல்பர் கருத்தக்கண்ணன்
அதன் உச்சியில் உட்கார்ந்துதான்
புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தான்.
தண்ணீர்க் கேன் உருளாமலிருக்க
என் பக்கெட்டில் வந்த கல் ஒன்றை
முட்டுக் கொடுத்தான்.
அப்போது அது தீவில்லை.
கை அலம்பவே
அந்தக் கேன் தண்ணீர்தான்.

அஞ்சாம் வருசம் கார்த்திகையில்
மேலூர் வேலைக்குப் போகும்போது
மறுகால் பாய்கிற சத்தம்.
பைக்கை நிறுத்தினேன்.

கரம்பையோடு வந்த கருவேல விதைகள்
யாரையும் கேட்காமல் மரமாகி
முட்டிவரை தண்ணீரில் நின்றன.
சுண்ணாம்பு அடித்தமாதிரி எச்சம்.
நத்தைகுத்தி நாரை, வக்கா,
சட்டையைப் பிழிந்து காயப்போட்டதுபோல்
இறக்கை விரித்த நீர்க்காகம்.
எங்கே இருந்ததோ இத்தனை பசி.
மீன்குத்தகை சோணைமுத்துவுக்கு
அதே கேள்விதான், வேறு குரலில்.
வெடி போட்டு விரட்டலாமா கூடாதா,
ஊர்க்கூட்டம் இன்னும் முடிவு பண்ணவில்லை.

மரங்களுக்கு நடுவே மஞ்சள் துணி.

"அது திட்டம்மா" என்றாள்
கலுங்கில் துணி துவைத்தவள்.
"சத்தியுள்ளவ.
தண்ணி வந்துட்டா ஒருத்தரும் போகக்கூடாது.
தனியா இருக்கணும்பா.
வத்துனப்பறம்தான் படையல், பொங்கல், எல்லாம்."

துணிக்குள் என்ன என்று
எனக்குத் தெரியும்.
கருத்தக்கண்ணனுக்கும் தெரியும்.
அவன் இப்போது திருப்பூரில்.
ஃபோனில் சொன்னேன்.
சிரிப்பான் என்று நினைத்தேன்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"அண்ணே, அன்னிக்கு அது மேல
காலை வச்சிருந்தேனே" என்றான்.

ஐப்பசியில் தீவு,
மாசி பிறந்தால் மேடு.
ஆடு ஏறும், ஆள் ஏறும்,
பொங்கப்பானைக் கரி படியும்.
மீண்டும் தண்ணீர் வந்து சுற்றி நின்றால்
அதே மண்ணைப் பார்த்து
ஊரே குரலைத் தாழ்த்துகிறது.

தெப்பக்குளத்துக் கைப்பிடிச் சுவரில்
பொரி தின்றபடி ஒருநாள்
மைய மண்டபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மகால் கட்ட மண்ணெடுத்த பள்ளம் என்பார்கள்.
அந்தப் பள்ளத்தின் நடுவே
எவனோ ஒருத்தன்
கொஞ்சம் எடுக்காமல் விட்டிருக்கிறான்.
அவனுக்கும் கூலி பாக்கியோ என்னவோ.

இந்தப் பங்குனியில் காண்ட்ராக்டர் கூப்பிட்டார்.
ரோட்டு வேலைக்கு மண் வேணுமாம்,
கரம்பைக்கு இப்போது நல்ல விலையாம்.
"நீ குமிச்சதுதானப்பா,
நீயே வந்து அள்ளிரு."

"தண்ணி வத்திருச்சாண்ணே?"

"முழங்கால் அளவு கெடக்கு.
வண்டி இறங்கும்."

கடைசிக் குஞ்சு பறந்ததா என்று
கேட்க வாயெடுத்து,
அவரிடம் அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல்
"ஹைட்ராலிக் ஹோஸ் வெடிச்சுக் கெடக்குண்ணே,
ஒரு மாசம் ஆகும்" என்றேன்.

வாசலில் வண்டி நல்லாத்தான் நின்றது,
நாலு பக்கமும்
நேற்றைய கோடைமழை தேங்கி.